தாழ்ப்பாள் எதிலிருந்து பிரிந்தது

ஆகஸ்ட் பதினோராம் தேதி, திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன், வழக்கம்போல் தணிகாசலம் என்பவர் இணையத்தில் நடத்தும் உலாவிப் பட்டியலைத் திறந்தேன். இருபத்து மூன்று உலாவிகள், அதாவது பிரவுசர்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். நான் முதலில் பார்ப்பது எப்போதும் பதினேழாவது வரிசைதான். அதன் நான்காவது கட்டத்தில் இருந்த பெயர் அன்று இல்லை.

அந்தக் கட்டத்தின் தலைப்பு ‘எதிலிருந்து பிரிந்தது’. பதினேழாவது வரிசை தாழ்ப்பாள் என்ற உலாவிக்கு உரியது. இரண்டரை ஆண்டுகளாக அங்கே ‘பலகணி’ என்று இருந்தது. இப்போது எல்லாரும் அறிந்த வெளிநாட்டுப் பெரிய உலாவி ஒன்றின் பெயர் இருந்தது.

தாழ்ப்பாள் ஜான்சியுடையது. பலகணி என்னுடையது.

இணையத்தில் நாம் ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது அந்தப் பக்கமும் நம்மைப் பார்க்கிறது. நம் திரையின் அளவு, கணினியில் உள்ள எழுத்துருக்கள், கடிகாரத்தின் நேரம் என்று சின்னச் சின்ன விஷயங்களைச் சேர்த்து, பெயர் கேட்காமலே ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. அதைத் தடுப்பதற்காகச் சிலர் பெரிய உலாவியின் நிரலை நகல் எடுத்து, உளவு பார்க்கும் பகுதிகளைக் களைந்து, புதிய பெயரில் வெளியிடுகிறார்கள். நிரல் திறந்து கிடப்பதால் அது திருட்டு ஆகாது. அப்படிப் பிரிந்து தன் வழியே போவதற்கு ஃபோர்க் என்று பெயர். எதிலிருந்து பிரிந்தோம் என்று ஒரு வரி போடுவது மரியாதை.

பலகணியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் 2022 ஜனவரியில் தொடங்கினோம். மயிலாப்பூர்க் கல்லூரியில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். நான் வாணியம்பாடியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வந்தவள். ஜான்சி பட்டினப்பாக்கத்துப் பெண், அம்மா அந்தோணியம்மாள் அங்கேயே மீன் விற்கிறார். எங்கள் வீடு ராயப்பேட்டையில் இருந்ததால் ஜான்சி கல்லூரி முடிந்ததும் அங்கே வந்துவிடுவாள். ஓர் ஆண்டு அப்படி ஓடியது. பிறகு ஒரு விஷயத்தில் முட்டிக்கொண்டோம்.

உலாவி தினமும் ஒருமுறை ‘புதிய பதிப்பு வந்திருக்கிறதா’ என்று எங்கள் சர்வரைக் கேட்க வேண்டும் என்றாள் ஜான்சி. அப்படிக் கேட்டாலே யார், எங்கிருந்து, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும், அதுவும் உளவுதான், கூடாது என்றேன் நான். வேண்டுமென்றால் ஆட்கள் தாங்களே வந்து புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளட்டும். ஜான்சி சிரித்தாள். “எங்கம்மா வந்து எறக்குமா? உங்கம்மா எறக்குவாங்களா? பழைய பூட்டையே மாட்டிக்கினு கெடப்பாங்க, அதுக்கு பூட்டே இல்லாம இருக்கலாம்” என்றாள். அதன்பின் பதினெட்டு நாள் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் தாழ்ப்பாள் வெளிவந்தது.

இன்றைக்குப் பலகணியை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் இருப்பதுதானே அதன் கொள்கை. ஆனால் இறக்கியவர்கள் கணக்கு தெரியும்: போன ஆண்டு முழுவதும் முன்னூற்றுப் பதினொன்று. தாழ்ப்பாளை அத்தனை பேர் ஒரே முற்பகலில் இறக்குகிறார்கள்.

ஒரு முறை கச்சேரி ரோடு பக்கம் ஆதார் நகல் எடுக்க ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஆறு கணினிகள். ஆறிலும் தாழ்ப்பாளின் பித்தளை நிறச் சின்னம். தெரியாதவள்போல் கடைக்காரரிடம் அது என்ன என்று கேட்டேன். நம்ம பட்டினப்பாக்கம் பொண்ணு செஞ்சது, இதில் பாங்க் வேலை பார்த்தால் பயமில்லை, வந்து போகிறவர்களின் விவரம் எதுவும் தங்காது என்று பெருமையாகச் சொன்னார். பலகணி தெரியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அலுமினிய ஜன்னல் போடுகிற கம்பெனியா என்றார். நகலுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆதார் அட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டேன் என்பது லஸ் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வார இதழில் ஜான்சியின் பேட்டி வந்தது. கடற்கரையில், கலங்கரை விளக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம். ஜான்சி நன்றாகத்தான் இருந்தாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது பத்தியில், ‘கல்லூரி நாட்களில் ஒரு தோழியுடன் சேர்ந்து விளையாட்டாகத் தொடங்கியது’ என்று இருந்தது. ஒரு தோழி. விளையாட்டாக. என் அம்மா, வீட்டில் நாங்கள் அம்மி என்போம், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து பிரிட்ஜ் மேல் காந்தத்தில் ஒட்டினார். “எத்தனை நாள் நம்ம வீட்டுல சாப்புட்ட பொண்ணு” என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் ஜான்சியைப் பார்க்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் எனக்கு ஒரே ஆறுதல் அந்த நான்காவது கட்டம்தான். எத்தனை லட்சம் பேர் வைத்திருந்தாலும், எத்தனை பேட்டி வந்தாலும், எதிலிருந்து பிரிந்தது என்று கேட்டால் பலகணி என்று சொல்லியாக வேண்டும். அதைத்தான் யாரோ எடுத்துவிட்டார்கள்.

தாழ்ப்பாளின் சொந்தத் தளத்தில் ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்குப் போனேன். அங்கேயும் இல்லை. மூன்றாம் பதிப்போடு அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதியிருந்தார்கள். ‘பலகணியிலிருந்து பிரிந்தது’ என்ற வரியைக் காணோம்.

அன்று தி. நகர் அலுவலகத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பில் மென்பொருளில் நான் செய்த தவறுகளைச் சரிசெய்ய அடுத்த இரண்டு நாள் ஆயிற்று.

தணிகாசலம் கே.கே. நகரில் பிரிண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். உலாவிப் பட்டியல் அவர் தனியாளாக நடத்துவது. சின்னப் பட்டியல்தான், ஆனால் தமிழில் இந்த விஷயத்தைத் தேடுகிற யாரும் அங்கேதான் போய் நிற்பார்கள். புதன்கிழமை மாலை கடைக்குப் போனேன். ஒரு பிரிண்டரைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

ஜான்சி கேட்டு அவர் மாற்றவில்லையாம். மூன்றாம் பதிப்பில் தாழ்ப்பாள் நேராகப் பெரிய உலாவியின் மேல் கட்டப்பட்டிருக்கிறது, பலகணி வழியாக வரவில்லை. பலகணியோ ஏழு மாதமாக அசையவில்லை. அதனால் மாற்றினேன் என்றார்.

“இன்னாம்மா, நீ சொல்றதும் நாயந்தான். ஆனா எனக்கு ஒரு கணக்கு கீது” என்று அவர் தன் விதியை விளக்கினார். கலர் மாற்றி, பெயர் மாற்றி, இரண்டு செட்டிங்கைத் திருப்பி வைத்தால் அது ஃபோர்க் இல்லை, சட்டை மாற்றியது. அதற்குப் பட்டியலில் இடமே இல்லை. ஓர் உலாவி பெரிய உலாவியின் மேல் புதிதாகச் சேர்த்த வரிகள் எத்தனை, அதில் மூன்றில் ஒரு பங்காவது பலகணியில் தங்கிவிட்டவர்கள் எழுதியதா என்று பார்க்க வேண்டும். பிரிந்து போனவர் தானே எழுதி எடுத்துப் போனது கணக்கில் வராது. இருந்தால் அது பலகணியின் ஃபோர்க். இல்லை என்றால் உறவு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

“எண்ணிக் காட்டு. எழுத்துல குடு. மாத்திடறேன். ஞாயித்துக்கெழம பார்க்குக்கு ஜான்சியையும் கூப்புடறேன். ரெண்டு பேரையும் வெச்சுக்கினே பேசிடலாம்.”

ஒவ்வொரு மாதமும் மூன்றாவது ஞாயிறு காலை நடேசன் பூங்காவில் அவருடைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். நான் ஜான்சி வருவாள் என்பதாலேயே இரண்டு ஆண்டுகளாகப் போவதில்லை. இப்போது வருகிறேன் என்றேன்.

எண்ணுவது எனக்குக் கஷ்டமில்லை. நிரல் எழுதுகிறவர்கள் எல்லாருமே ஒரு பதிவேடு வைத்திருப்போம். எந்த வரியை, யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு எழுதினார் என்று கணினியே குறித்துக்கொண்டு போகும். நகல் எடுத்து வேறு வீட்டுக்குப் போனாலும், புதிய அஸ்திவாரத்தின் மேல் தூக்கி வைத்தாலும், எழுதியவர் பெயர் வரியோடு ஒட்டிக்கொண்டே போகும். நான் செய்ய வேண்டியதெல்லாம் தாழ்ப்பாளின் பதிவேட்டில் என் பெயரை எண்ணுவதுதான்.

அந்தப் பதிவேடு எனக்கு மனப்பாடம். ஜான்சி அதில் என்றைக்கு என்ன மாற்றினாலும் மறுநாள் காலை நான் படித்துவிடுவேன். அவளுடைய சொந்த ஆட்கள்கூட அப்படிப் படித்திருக்க மாட்டார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் ஆரம்பித்தேன். பல நாள் குறை கிடைக்காது, அன்று சாப்பாடு இறங்காது.

இரண்டு மாலைகளில் எண்ணி முடித்தேன். தாழ்ப்பாள் மூன்று, பெரிய உலாவியின் மேல் சேர்த்திருந்த வரிகள்: 6,240. அதில் மஹ்விஷ் என்ற என் பெயரில் இருந்தவை: 2,530. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். மூன்றில் ஒரு பங்கு என்ற கோட்டை எளிதாகத் தாண்டியது. அதைவிட நல்ல செய்தி, அந்த 2,530 வரிகளில் பெரும்பகுதி ‘ஒரே முகம்’ என்ற பகுதியில் இருந்தது. எல்லாருடைய திரையும் ஒரே அளவு, எல்லாருடைய எழுத்துருவும் ஒன்று, எல்லாருடைய கடிகாரமும் ஒன்று என்று வெளியே காட்டுகிற பகுதி அது. தாழ்ப்பாளைத் தாழ்ப்பாளாக வைத்திருப்பதே அதுதான். பேட்டியிலும் ஜான்சி அதைப் பற்றித்தான் பேசியிருந்தாள்.

கடிதம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்டு, கோப்புவாரியாக வரி எண்ணிக்கையை இணைப்பில் வைத்து, வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் அனுப்பினேன். நகல் ஜான்சிக்கு. ஒன்பதாவது குறிப்பு இது: ‘எனவே, தாழ்ப்பாள் தன் பிறப்பிடத்தை மறைப்பது, மறைவுரிமைக்காகவே உருவான ஓர் உலாவிக்குப் பொருந்துமானாலும், நேர்மைக்குப் பொருந்தாது எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ அந்த வாக்கியத்தை நான்கைந்து முறை படித்து ரசித்தேன்.

தணிகாசலம் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். கணக்கு சரியாக இருப்பதுபோல் தெரிகிறது, ஞாயிறு பேசுவோம். ஜான்சியிடமிருந்து பதில் இல்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கோபப்பட்டு ஏதாவது எழுதினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

சனிக்கிழமை மதியம், ஜான்சி எதையாவது மறுத்தால் கையில் இருக்கட்டும் என்று, அந்த 2,530 வரிகளையும் தேதி, நேரப்படி அடுக்கி இன்னோர் இணைப்பு தயாரித்தேன். அடுக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது.

‘ஒரே முகம்’ பகுதியின் வரிகள் ஏறக்குறைய எல்லாமே 2022 ஏப்ரல் மாதத்தில் எழுதப்பட்டிருந்தன. நேரம் மாலை 4.50, 5.15, 5.40, 6.05, 6.30. முப்பது நாளும் அப்படியே. ஏழு மணிக்கு மேல் ஒரு வரி இல்லை.

அந்த ஏப்ரல் ரம்ஜான் மாதம்.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அம்மிக்கு முழங்கால் வலி, நிற்க முடியாது. சமோசாவுக்கு மாவு தேய்ப்பது, வடை போடுவது, பழம் நறுக்குவது எல்லாம் நான்தான். பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வரச் சொல்லி வாளியோடு பக்கத்து வீட்டு ரூஹியை அனுப்புவதும் நான்தான். ஆறு இருபது வாக்கில் நோன்பு திறந்து, மக்ரிப் தொழுது, பாத்திரம் எடுத்து வைத்துவிட்டு வர ஏழு ஆகும். அந்த ஒரு மாதம் முழுக்க மாலை நேரத்தில் நான் கணினியைத் தொட்டதே இல்லை.

தொட்டது ஜான்சி. முன்னறையில் என் லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். எங்களோடு நோன்பு இருப்பவள் இல்லை என்றாலும் பாங்கு சொல்கிற வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். கஞ்சியை ஒரு தூக்கில் ஊற்றிக்கொண்டு ஆறே முக்காலுக்குப் பட்டினப்பாக்கத்துக்குப் பஸ் பிடிக்கப் போய்விடுவாள்.

மற்ற நாட்களில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். ஆள் மாறி உட்காரும்போதெல்லாம் பதிவேட்டில் எழுதுகிறவர் பெயரையும் மாற்ற வேண்டும் என்று நான் ஒரு விதி வைத்திருந்தேன். மாற்றுவதும் நான்தான். ஜான்சிக்கு அந்த நினைப்பே வராது. ரம்ஜானில் நான் கையில் மாவோடு அடுப்படியில் இருந்தேன். பெயரை யாரும் மாற்றவில்லை. முப்பது நாளும் ஜான்சி எழுதியது எல்லாம் என் பெயரில் ஏறிவிட்டது.

இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று எழுதினால் பாதி பொய். அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ உறுத்தும். நானா இவ்வளவு நன்றாக எழுதினேன் என்று தோன்றும், நான்தான் என்று சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

கணக்கைத் திரும்பப் போட்டேன். ரம்ஜான் மாலைகளின் வரிகள் 1,890. அதைக் கழித்தால் எனக்கு மிஞ்சியது 640. நூற்றுக்குப் பத்து.

யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மிக்கு நிரலும் தெரியாது, பதிவேடும் தெரியாது. தணிகாசலம் ரம்ஜானையும் நேரத்தையும் பொருத்திப் பார்க்க மாட்டார். தெரிந்தவள் ஜான்சி ஒருத்தி. ஜான்சி எழுந்து நின்று நான்தான் எழுதினேன் என்றால், அத்தாட்சி எங்கே என்று கேட்பார்கள். பதிவேடு என் பக்கம். இணைப்பை அழித்துவிட்டுக் கணினியை மூடினேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு நடேசன் பூங்காவுக்குப் போனபோது, நடைப்பயிற்சிக்காரர்கள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலத்தின் ஆட்கள் வழக்கமான மரத்தடியில் இருந்தார்கள். பத்துப் பேர் இருக்கும். ஜான்சி எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். சிமெண்டு பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். நான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“அம்மி எப்டி கீறாங்க? முட்டி வலி?” என்றாள்.

பரவாயில்லை என்றேன்.

தணிகாசலம் என் கடிதத்தை அச்செடுத்து வந்திருந்தார். ஒன்று முதல் எட்டு வரை சத்தமாகப் படித்தார். ஒன்பதாவதை அவராகவே விட்டுவிட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். இனாயத் என்று ஒருவர், கணக்கு தெளிவாக இருக்கிறது, இதில் பேச என்ன இருக்கிறது என்றார். தணிகாசலம் ஜான்சி பக்கம் திரும்பினார்.

“நீ இன்னா சொல்றம்மா? ரெண்டாயிரத்து ஐந்நூத்தி முப்பது வரி மஹ்விஷ் பேர்ல கீது. சரியா?”

ஜான்சி ஹெல்மெட்டின் பட்டையை இழுத்து இழுத்து விட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை, ஒரு கணம்தான்.

“அவ பேர்ல இருந்தா அவளுதுதான். போட்டுக்கங்க சார்.”

அவ்வளவுதான். நான் ஒரு வாரமாக எண்ணி, எழுதி, வயிறு எரிந்து கேட்டதை, பஸ்ஸில் சில்லறை இல்லாதவருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அது தேவையில்லை. அத்தனை பேர் இருக்கிறார்கள், பேட்டி இருக்கிறது, அடையாறில் அலுவலகம் இருக்கிறது. போகட்டும், பாவம் மஹ்விஷ், அந்த ஒரு கட்டத்திலாவது அவள் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். அப்படித்தான் எனக்குக் கேட்டது. சுற்றி இருந்தவர்கள் ஜான்சியை மரியாதையோடு பார்த்தார்கள். ஜெயித்தது நான். அவர்கள் பார்த்தது அவளை.

அதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. நேர்மைக்காகச் சொன்னேன் என்று யாராவது நினைத்தால் அது தவறு. அவள் கொடுத்து நான் வாங்குவதாக இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

“கணக்குல தப்பு இருக்கு சார்” என்றேன்.

எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் வரிசையாகச் சொன்னேன். ஏப்ரல் 2022. ரம்ஜான் மாதம். மாலை நேரம். நான் அடுப்படியில் இருந்தேன். ஜான்சியிடம் அப்போது லேப்டாப் கிடையாது, தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து என்னுடையதில்தான் எழுதுவாள். பெயரை மாற்ற மறந்துவிட்டோம். ஆகவே 1,890 வரிகள் ஜான்சியுடையவை. எனக்கு 640. மூன்றில் ஒரு பங்கு வராது. தாழ்ப்பாள் இப்போது பலகணியின் ஃபோர்க் இல்லை.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் பலகணியிலும் அந்த வரிகள்தானே இருக்கின்றன என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அதை நான் யோசித்திருக்கவில்லை. பலகணியின் வரிசையில் ‘உருவாக்கியவர்’ கட்டத்தில் இத்தனை நாள் என் பெயர் மட்டும் இருந்தது.

“ரெண்டு பேர் பேரும் போடணும் அப்ப” என்றார். அங்கேயே போனில் திருத்தினார். திருத்திவிட்டு எங்கள் இருவருக்கும் காட்டினார். ஜான்சி பார்க்கவில்லை.

கூட்டம் வேறு விஷயத்துக்குப் போனது. ஜான்சி எழுந்து வாசல் பக்கம் நடந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தோ என்னவோ, நானும் பின்னால் போனேன். ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றதும் திரும்பினாள்.

“ஏன் சொன்ன?”

உண்மையைத்தானே சொன்னேன் என்றேன்.

“உண்ம. சரி. நான் வுட்டுக் குடுத்தேன்னு நெனச்சுக்கினியா?” குரலை உயர்த்தவில்லை. “அந்தக் கடுதாசிய படிச்சதுமே எனக்குத் தெரியும், எது யாருதுன்னு. ரெண்டு நாளா யோசிச்சேன் மச்சி. எய்தினது நான்தான்னு சொன்னா, அப்ப ஏன் அவ பேர் கீதுன்னு கேப்பாங்க. எங்கிட்ட லேப்டாப் இல்ல, தோழி வூட்ல போய்க் குந்திக்கினு எய்தினேன்னு சொல்லணும். இந்தப் பத்து பேர்கிட்ட. அந்த இனாயத் என் ஆபீஸ்ல வேல கேட்டு வந்தவன். அத்த சொல்ல வேணாம்னுதான் போனா போவுதுன்னு இருந்தேன். நீ எழுந்து நின்னுக்கினு மைக்கு இல்லாத கொறையா சொல்லிட்ட.”

பெஞ்சில் ஜான்சி ஹெல்மெட் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்ததை நான் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இல்லாத ஒரு நிம்மதியைப் பார்த்து நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கலாம் என்று அப்போது தோன்றியது. ஆனால் அந்த எண்ணமும் நிற்கவில்லை. என் உள்ளே இன்னொரு கேள்வி முட்டிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

“உன் சைட்ல இருந்து பலகணி பேர ஏன் எடுத்த?”

ஜான்சி புருவத்தைச் சுருக்கினாள். “எந்த சைட்ல?”

“எங்களைப் பற்றி பக்கத்துல. பலகணியிலிருந்து பிரிந்ததுன்னு ஒரு வரி இருந்துச்சு. மூணாவது வெர்ஷன்ல இல்ல.”

ஜான்சி போனை எடுத்துத் தன் தளத்தைத் திறந்தாள். விரலால் மேலும் கீழும் தள்ளினாள். முகத்தில் எந்த நடிப்பும் இல்லை.

“அட, ஆமா” என்றாள். “அந்தப் பக்கத்த ஆபீஸ் பசங்க புச்சா எய்தினாங்க. நான் சரியா கூட பாக்கல. வுட்டுப் போச்சு மச்சி.”

விட்டுப் போயிற்று. பகையில் எடுத்திருந்தால், என் பெயர் உறுத்தி எடுத்திருந்தால், அதற்காக ஒரு நாளாவது என்னை நினைத்திருப்பாள். நான் தினமும் காலையில் அவள் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பெயர் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

“இத்துக்கா இவ்ளோ எண்ணிக்கினு இருந்த? ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல” என்றாள். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. அல்லது சலித்துப்போயிருந்தது. “இன்னிக்கே போடச் சொல்லிடவா?”

போடக் கூடாது. அரை மணி நேரம் முன்னால் பத்துப் பேர் முன்னிலையில் நானே நிரூபித்திருந்தேன். தணிகாசலத்தின் பட்டியலில் இனி ஒன்று இருக்கும், ஜான்சியின் தளத்தில் வேறொன்று இருக்கும். விதிப்படி 2,080 வரி வேண்டும், என்னுடையது 640.

“போடு” என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அபிராமபுரத்தில் ஒருவரைப் பார்க்க வேண்டும், நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வெங்கட்நாராயணா ரோடு முனையில் அவள் திரும்புகிற வரை நின்று பார்த்தேன். பிறகு அவளுடைய தளத்தைத் திறந்து, இன்னும் போடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.